இரண்டு மணல் மூட்டைகள்

அன்புள்ள ஐயா,
என் காரின் எடையில் 60 சதவீதம் முன்சக்கரங்களின் மேல்தான். வளைவில் மூக்கு வெளியே ஓடுகிறது. 50:50 ஆக்கினால் சரியாகும் என்றார்கள். டிக்கியின் கோடியில் இரண்டு மணல் மூட்டைகளைப் போட்டிருக்கிறேன். அடுத்து கார்பன் ஃபைபரில் எதை மாற்றலாம், பானெட்டையா, கூரையையா? மக்னீசியம் சக்கரம் தீப்பிடிக்குமா?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மக்னீசியத்தை விடுங்கள். எடையைக் குறைக்கக் கார்பன் ஃபைபர் தேடுகிறவர் முதல் வேலையாக மணலை ஏற்றியிருக்கிறீர்கள்! முதலில் சிரித்தேன், அப்புறம் கோபம் வந்தது, அதற்கும் அப்புறம் என் 12 வயது நினைவுக்கு வந்தது.

மூங்கில் கழியின் இரு நுனியிலும் வாளி கட்டித் தண்ணீர் சுமப்பேன். இரண்டும் சம எடை. உங்கள் 50:50 இம்மி பிசகாமல் என் தோளில் இருந்தது. ஆனால் யாராவது கூப்பிட்டால் நான் திரும்புவேன், கழி திரும்பாது. திரும்பத் தொடங்கிவிட்டாலோ, நான் நின்றாலும் அது நிற்காது. பாதித் தண்ணீர் என் காலில். ஒருநாள் வாளிகளைத் தோளருகே நகர்த்திக் கட்டினேன். அதே தண்ணீர், அதே கழி, சொன்ன பேச்சைக் கேட்டது. தூரம் பாதியானால் அந்தப் பிடிவாதம் கால்பங்காகும் என்று பிற்பாடு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். என் முழங்காலுக்கு அது முன்பே தெரியும்.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே என்பதையும் கேளுங்கள் ஐயா! அலுமினியத்தின் எடை எஃகில் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் அவ்வளவுதான். தகட்டைத் தடிப்பாக்கியே தீர வேண்டும், லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். அதனால் இடம் பார்த்துத்தான் போடுவார்கள். 2003-இல் வந்த பிஎம்டபிள்யூ 5 சீரிஸில் உடற்கூட்டின் முன்பகுதி அலுமினியம், பின்னால் எஃகு. இரண்டும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும் என்பதால் பசையும் ரிவெட்டும் வைத்து இணைத்தார்கள். இத்தனை பாடும் மூக்கின் பாரத்தை இறக்கத்தான். அதே நிறுவனத்தின் அதே ஆண்டு எம்3 சிஎஸ்எல் காருக்குக் கூரை கார்பன் ஃபைபர். உச்சியில் எடை குறைந்தால் வளைவில் வெளிச்சக்கரங்களுக்குத் தாவும் பாரம் குறையும்.

நீங்கள் கேட்டது? ஆமாம், பானெட்டா கூரையா. பானெட்தான், உங்கள் தொல்லை மூக்கில்தானே. அதற்கு முன் டயரில் காற்றைப் பாருங்கள். அதற்கும் முன், இன்றைக்கே, அந்த மூட்டைகளை இறக்குங்கள். ஈரச் சாலையில் வால் ஒருமுறை வீச ஆரம்பித்தால் என் வாளியைப் போலத்தான் அவையும் நிற்காது. இறக்கியதும் ஒரு வரி எழுதுங்கள். அதுவரை எனக்குக் கவலையாகவே இருக்கும்.