அந்த டேபிளை ஏன் அச்சுல போடலைன்னா...

கேள்வி: ஐயா, இதோட ஒரு டேபிள் அனுப்பியிருக்கேன். சிங்கப்பூர்ல 1942-ல பிரிட்டிஷ் பக்கம் 85,000 பேர், ஜப்பான் பக்கம் 36,000 பேர். மலாயா, சிங்கப்பூர் சண்டை முழுசுக்கும் பிரிட்டிஷ் இழப்பு 1,38,708, ஜப்பான் இழப்பு சுமார் 9,800. அதே 1944-ல இந்தியா-பர்மா எல்லைப் பக்கம் இம்பால், கோஹிமாவுல தலைகீழ், ஜப்பானுக்கு 53,000 இழப்பு, பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு 17,500. ரெண்டு இடத்துலயும் நிறைய பேர் இந்திய சிப்பாய்தான். அப்ப சிங்கப்பூர்ல கோழையா நின்னவங்க ரெண்டே வருஷத்துல வீரனாயிட்டாங்களா? டேபிளையும் போட்டு பதில் சொல்லுங்க. (வாசகர், தேவகோட்டை)

பதில்: டேபிளை போடலை. எண்ணெல்லாம் ராணுவ வரலாறுகள்ல இருக்குற எண்தான், அதுல எனக்கு சண்டை இல்லை. ஆனா அந்த ஆறு எண்ணை வச்சுக்கிட்டு கோழைன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கீங்க பாருங்க, அதை என் பத்திரிகையில அப்படியே விட முடியாது.

முதல்ல அந்த 1,38,708. அதுல 1,30,000-க்கு மேல போர்க்கைதிகள். 1942 பிப்ரவரி 15 சாயங்காலம் புக்கிட் திமா ஃபோர்டு ஃபேக்டரியில பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல் சரணாகதி பேப்பர்ல கையெழுத்து போட்டார், அதோட சிப்பாய், சமையக்காரர், லாரி டிரைவர், ஆஸ்பத்திரி ஆளுன்னு தீவுல யூனிஃபார்ம் போட்ட அத்தனை பேரும் இழப்புக் கணக்குல ஏறிட்டாங்க. கைதிகளைக் கழிச்சா மிச்சம் எவ்வளவுன்னு பாருங்க, 8,700-க்குள்ள. காயம்பட்டுப் பிடிபட்டவங்க கைதிக் கணக்குலயே போயிருப்பாங்க, அதையும் சேர்த்தா இன்னும் கூடும். ஜப்பான் பக்கத்து 9,800 பேரோ செத்தவங்களும் காயம்பட்டவங்களும். அதாவது ரத்தம் சிந்தின கணக்குல ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட பக்கத்துல பக்கத்துல நிக்குது, நீங்க போட்ட டேபிள்ல மட்டும் 14 மடங்கு வித்தியாசமா தெரியுது. முதல், வட்டி, வராக்கடன் மூணையும் ஒரே வரியில கூட்டி ஒரு பேரேட்டைக் கொண்டுபோய் வச்சா நம்ம ஊர் பழைய வட்டிக்கடை மேலாள் யாராச்சும் கையெழுத்து போட்டிருப்பாகளா?

அடுத்தது அந்த 85,000. அதுல 15,000 பேர் கிட்ட நிர்வாக ஆளுங்க, சண்டைக்காரங்க இல்லை. பிரிட்டிஷ் 18-வது டிவிஷன்ல (டிவிஷன்னா பல பிரிகேடு சேர்ந்த பெரிய படைப்பிரிவு) பெரும்பகுதி ஜனவரி கடைசியில வந்து இறங்குச்சு, அதோட கடைசி ஆளுங்க பிப்ரவரி 5-ல வந்தாங்க, பத்தே நாள்ல கைதி. 45-வது இந்திய பிரிகேடு பாலைவனச் சண்டைக்குன்னு தயார் பண்ணின ட்ரெயினிங் முடியாத பசங்க, அவங்களை மலாயாவுல மூவார் ஆத்தங்கரையில ஜப்பானோட தேர்ந்த கார்ட்ஸ் டிவிஷன் முன்னால நிறுத்துனாங்க, பிரிகேடியரும் செத்தார், படையும் அழிஞ்சுது. இந்திய ராணுவம் 1939-ல ரெண்டு லட்சம் பேர், போர் முடியறப்ப 25 லட்சம், அவ்வளவு வேகமா ஊதிப் பெருக்கினா அனுபவமுள்ள ஆபீசரையும் ஹவில்தாரையும் பழைய பட்டாலியன்ல இருந்து உருவி புதுசுக்கு அனுப்பணும், அப்ப பழசும் பலம் இழந்துரும், புதுசும் பலமாகாது.

ஜப்பானுக்கு 200 டாங்க் கிட்ட, மலாயாவுல எதிர்ல நிறுத்த ஒண்ணும் இல்லை. ஜப்பானுக்கு ராணுவ விமானம், கடற்படை விமானம் சேர்த்து 600 கிட்ட, பிரிட்டிஷ்கிட்ட 158, அதுலயும் பெரும்பாலும் காலாவதியானது. 1942 ஜனவரி 7 விடியறதுக்கு முன்னால மலாயாவோட ஸ்லிம் நதிக்கரை ரோட்டுல 30 டாங்க் கிட்ட வரிசையா பாஞ்சு வந்து ரெண்டு இந்திய பிரிகேடை சில மணி நேரத்துல சிதறடிச்சுது. அதுவரைக்கும் வாரக்கணக்குல தூக்கமில்லாம பின்வாங்கிட்டே வந்த பசங்க, நிறைய பேர் வாழ்க்கையிலயே டாங்க்கைப் பார்த்ததில்லை. இவங்களைத்தான் கோழைன்னு எழுதியிருக்கீங்க.

இப்ப இம்பால். ஜப்பான் ஜெனரல் முதகுச்சி 85,000 பேரோட 1944 மார்ச்ல பர்மாவுல ஓடுற சிந்த்வின் ஆத்தைத் தாண்டி வந்தார். கையில மூணு வாரத்து சாப்பாடுதான், அதுக்குள்ள இம்பால் கிடங்கைப் பிடிச்சு அதுல சாப்பிட்டுக்கலாம்னு திட்டம். ஓட்டிட்டு வந்த மாடுகள்ல ஏகப்பட்டது ஆத்துலயே போச்சு. இந்தப் பக்கம் பர்மாவோட மேற்குக் கடற்கரை அரக்கான்ல இருந்த 5-வது இந்திய டிவிஷனை பீரங்கி, கோவேறு கழுதையோட விமானத்துல தூக்கிட்டு வந்து இம்பால்ல இறக்குறாங்க, முற்றுகை நடக்கும்போதே அரிசி, குண்டு, மருந்து எல்லாம் வானத்துல இருந்து வருது. கோஹிமாவுல ஜப்பான் 31-வது டிவிஷன் கமாண்டர் சாட்டோ, என் ஆளுங்களுக்கு சோறு வரலைன்னு உத்தரவை மீறி திரும்பிப் போனார். அந்த 53,000-ல செத்தவங்க 30,000-க்கு மேலன்னு ஒரு கணக்கு, அதுல பெரும்பாலும் பட்டினி, மலேரியா, சீதபேதி. துப்பாக்கியால செத்தவங்க கம்மி.

மலேரியா பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா படைபலம்னா என்னன்னு இதுல நல்லா விளங்கும். பர்மா முனையில பிரிட்டிஷ் இந்தியப் படையான 14-வது ஆர்மியை நடத்தின ஜெனரல் ஸ்லிம் எழுதியிருக்கார், 1943-ல காயத்தோட ஒருத்தர் பின்னால அனுப்பப்பட்டா நோயோட 120 பேர் போனாங்களாம். பேப்பர்ல ஒரு பட்டாலியன் இருக்கும், பாதிப் பேர் கட்டில்ல இருப்பாங்க. அவர் மெப்பாக்ரின்ங்கற மலேரியா தடுப்பு மாத்திரையைக் கட்டாயமாக்கி, திடீர்னு போய் ஒரு யூனிட்டையே நிறுத்தி ஒவ்வொருத்தரையா சோதிச்சுப் பார்த்தார், 95 சதவீதத்துக்குக் கம்மியான பேர்தான் மாத்திரை முழுங்கியிருக்காங்கன்னு தெரிஞ்சா அந்த கமாண்டரை வேலையை விட்டே தூக்கினார், மூணு பேரைத் தூக்கினதும் எல்லாரும் ஒழுங்கா முழுங்கினாங்க. சிங்கப்பூர்ல இருந்த சிப்பாய்க்கும் இம்பால்ல இருந்த சிப்பாய்க்கும் நடுவுல வந்தது இதெல்லாம்தான், விமானம், சோறு, மாத்திரை, ஒரு வருஷ காட்டு ட்ரெயினிங். தைரியம் ரெண்டு இடத்துலயும் இருந்துச்சு.

இன்னொரு சிக்கல். சிங்கப்பூர்ல பிடிபட்ட இந்திய சிப்பாய்கள்ல ஆயிரக்கணக்கானவங்க ஜப்பான் பக்கம் நின்னு பிரிட்டிஷை எதிர்த்த இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வுல சேர்ந்தாங்க, இம்பால் பக்கம் ஜப்பானோட வந்த ஐ.என்.ஏ. ஆளுங்க 6,000 பேர் இருக்கும். அதே ஆளு 1942-ல பிரிட்டிஷ் இழப்புல ஒரு தடவை, 1944-ல எதிரி பலத்துல ஒரு தடவை. மலாயா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டிக்கிட்டிருந்த தமிழ்ப் பசங்களும் அதுல நிறைய சேர்ந்தாங்க, அவங்களை உங்க டேபிள்ல எந்தப் பக்கம் எழுதுவீங்க?

எனக்கு உண்மையிலயே மனசு ஆறாத இடம் இனிமேதான். சிங்கப்பூர்ல பிடிபட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளையும் மத்தவங்களையும் வச்சு ஜப்பான் 1942-43-ல தாய்லாந்து பான்போங்ல இருந்து பர்மா தன்பியூசாயத் வரைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் போட்டுச்சு. போர்க்கைதிகள் 60,000-க்கு மேல, செத்தது சுமார் 12,500. கூடவே மலாயா, பர்மா, ஜாவாவுல இருந்து கொண்டுபோன கூலிகள் ரெண்டு லட்சம் கிட்ட, அதுல 90,000 பேர் வரைக்கும் செத்ததா மதிப்பீடு. மலாயாவுல இருந்து போனவங்கள்ல பெரும்பாலும் தமிழங்க, சயாம் மரண ரயில்னு நம்மாளுக சொல்றது இதைத்தான். தாய்லாந்து காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்துல வெள்ளைக்கார சோல்ஜர்களுக்கு பேரும் வயசும் வெட்டின கல்லு கிட்டத்தட்ட 7,000 வரிசையா இருக்கு, இந்தக் கூலிகளுக்கு அந்த மாதிரி பேர்ப்பட்டியல்கூட எழுதி வைக்கலை. சிப்பாய் இல்லைங்கறதால ராணுவ இழப்பு டேபிள் எதுலயும் வரமாட்டாங்க.

நீங்க தேவகோட்டைக்காரர், அதனால இதையும் கேக்குறேன். கீழ் பர்மாவோட முக்கியமான 13 நெல் ஜில்லாவுல கால்வாசி நிலம் 1930-களோட கடைசியில நகரத்தார் கையில இருந்துச்சு. அங்க கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்தப் போன மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், கூட இருந்த சமையக்காரர், 1941 டிசம்பர் 23 ரங்கூன்ல குண்டு விழுந்ததும் கப்பல் கிடைச்சவங்க கப்பல்ல வந்தாங்க, கிடைக்காதவங்க நடந்தாங்க. டவுங்கப் கணவாய் வழியா சிட்டகாங், தாமு வழியா அதே இம்பால். பர்மாவை விட்டு வந்த இந்தியர் நாலஞ்சு லட்சம் பேர், வழியில காலராவுலயும் பசியிலயும் செத்தவங்க 10,000-னும் சொல்றாங்க, 50,000-க்கு மேலன்னும் சொல்றாங்க, எண்ண ஆளே இல்லாததால இவ்வளவு பெரிய இடைவெளி. நம்ம பக்கத்துல பர்மா தேக்குத் தூண் நிக்குற எத்தனையோ வீட்டுல இந்தக் கதை இருக்கு, எழுதி வச்ச வீடு கம்மி.

அதனால ஒண்ணு பண்ணுங்க. செத்தவங்க, காயம்பட்டவங்க, கைதி, நோயாளி நாலுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்க, டாங்க், விமானம், எத்தனை நாள் சோறு கையில இருந்துச்சுங்கறதுக்கு ஒரு கட்டம், சிப்பாய் இல்லாம செத்தவங்களுக்கு ஒரு கட்டம். அப்படி அனுப்பினா முழுப் பக்கத்துல போடுறேன். கூடவே உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ பர்மாவுல இருந்து நடந்து வந்த பெரியவக பத்தி யாருக்காவது ஞாபகம் இருந்தா, எந்த ஊர்ல கடை வச்சிருந்தாக, எந்த வழியா வந்தாக, கூட வந்ததுல யார் வந்து சேரலைங்கறதை எழுதி அனுப்பச் சொல்லுங்க, அதுக்கு இந்தப் பத்திரிகையில எத்தனை பக்கம் வேணும்னாலும் தர்றேன்.