ஜெர்மனியிலிருந்து தப்பிய இயக்குநர் மாக்ஸ் ஓஃபுல்ஸுக்கு ஹாலிவுட்டில் உடனே வாய்ப்பு கிடைத்ததா?

இல்லை. 1941-இல் அமெரிக்கா போனவருக்கு 1947 வரை ஒரு படம்கூட வெளிவரவில்லை. இடையில் கிடைத்த ஒரு படத்திலிருந்தும் பாதியில் நீக்கப்பட்டார்.

அவர் யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல், ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்ததுமே குடும்பத்தோடு பாரிசுக்குக் கிளம்பிவிட்டார். அந்த வருடம் வந்த அவருடைய 'லீபலை' படத்தை ஜெர்மனியில் ஓட்டினார்கள், ஆனால் டைட்டிலில் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. 1940-இல் பிரான்ஸும் விழ, மறுபடி ஓட்டம்.

ஹாலிவுட்டில் அவர் எடுத்த நான்கில் 1948-இல் வந்த 'லெட்டர் ஃப்ரம் அன் அன்னோன் வுமன்' படத்தை அவசியம் பாருங்கள். பொருட்காட்சியில் நகராத ரயில் பெட்டிக்குள் காதலர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே வெனிஸும் சுவிட்சர்லாந்தும் வரைந்த திரைகளாக ஓடும். அதை ஓட்ட வெளியே ஒரு முதியவர் மிதித்துக்கொண்டிருப்பார். ஸ்டுடியோவுக்குள்ளேயே வியன்னாவைக் கட்டி எடுத்த படம் அது.

அப்புறம் பிரான்ஸுக்கே திரும்பி, 'லா ரோண்ட்' முதல் 'லோலா மோன்டெஸ்' வரை நான்கு படங்கள் எடுத்தார். கடைசிப் படத்தைத் தயாரிப்பாளர்கள் வெட்டிச் சுருக்கினார்கள். 1957-இல் ஹாம்பர்க்கில் இறந்தபோது அவருக்கு வயது 54.