மேற்கோள் எண்ணிக்கை குறைந்த பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேரலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: பேராதனையில கெமிக்கல் எஞ்சினியரிங் முடிக்கிறீங்கள், மேற்படிப்புக்கு ரெண்டு பேர் இடம் தரத் தயார். ஒருவரின்ர எச் இன்டெக்ஸ் (கட்டுரையளுக்குக் கிடைச்ச மேற்கோளை வச்சுப் போடுற எண்) 41, மற்றவருக்கு 9. ஆரிட்டச் சேருறது? சொந்த இடம் கிளிநொச்சி எண்டு போட்டிருக்கிறீங்கள். "பெரிய ஆளிட்டப் போ, வெளிநாடு கிடைக்கும்" எண்டு வீட்டில சொல்லுறது எனக்குச் செட்டிகுளத்தில இருந்தே கேக்குது.

என்ர எச் இன்டெக்ஸ் 7. அதை முதலே சொல்லிப்போடுறன், பிறகு ஆரும் வந்து "சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் கதை" எண்டு எழுதவேண்டாம். எண்ணிக்கை தேவையில்லை எண்டு நான் சொல்ல வரேல்ல. ஸ்கொலர்ஷிப் குழு அதைப் பாக்கும், வேலைக்கு எடுக்கிறவையும் பாப்பினம். ஆனா அது எதை அளக்குது எண்டு தெரிஞ்சுகொண்டு பாருங்கோ.

2005இல ஹிர்ஷ் எண்ட பௌதிகவியலாளர் கொண்டுவந்த கணக்கு அது. 9 எண்டா, ஒன்பது தரமாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை ஒன்பது இருக்கு, அவ்வளவுதான். வயசு போகப் போக ஏறும், ஒருநாளும் இறங்காது. மேற்கோளை எண்ணுற தளங்களில கூகிள் ஸ்கொலர் கூட்டிக் காட்டும், ஸ்கோப்பஸ் குறைச்சுக் காட்டும். அதோட ஆக்கள் கூடின ஆராய்ச்சித் துறையில நிண்டா எண்ணிக்கையும் கூடும். எங்கட அட்ஸோப்ஷன் துறையைப் பாருங்கோ, தண்ணியில கரைஞ்சதைக் கரி மாதிரி ஒண்டின்ர மேற்பரப்பில ஒட்டவச்சுப் பிரிக்கிறது. அந்த ஒட்டுற வேகத்துக்கு ஒரு சமன்பாட்டைப் பற்றி ஹோவும் மக்கேயும் 1999இல எழுதின கட்டுரைக்குப் பத்தாயிரத்துக்கும் மேல மேற்கோள். நல்ல கட்டுரை, நானும் காட்டியிருக்கிறன். சிரட்டைக்கரியில சாயம் பிரிக்கிறவரும் உமிக்கரியில ஈயம் பிரிக்கிறவரும் தங்கட தரவை அந்தச் சமன்பாட்டுக்குப் பொருத்தினா அதைச் சொல்லித்தானே ஆகவேணும்.

என்ர கதைக்கு வாறன். எங்கட பக்கத்துக் கிணறு, குழாய்க்கிணறுகளில புளோரைட் கூட. உலக சுகாதார நிறுவனத்தின்ர எல்லை லீட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டின தண்ணியைக் குடிச்சு வளந்த பிள்ளையளின்ர பல்லில காவி படிஞ்சிருக்கும், எவ்வளவு தீட்டினாலும் போகாது. தண்ணியில இருந்து புளோரைட்டைப் பிரிக்கிறதைத்தான் நான் ஆராய்ச்சியா எடுத்தன். சோதிக்கிற சிவப்புத் திராவகத்தைத் தண்ணிக்குள்ள விட்டா, புளோரைட் கூடக் கூட நிறம் வெளிறும். ஒரு வீட்டுப் படலையடியில வச்சு நான் விட, சிவப்புப் போய் வெளிர்ரோசாவா வந்துது. பாத்துக்கொண்டு நிண்ட ஆச்சி, "நிறம் போனா தண்ணி சுத்தம் தானே தம்பி?" எண்டு கேட்டா. இல்லையம்மா, மற்றப் பக்கம் எண்டு சொல்ல எனக்கு நாக்கு எழும்பேல்ல.

புளோரைட்டை நல்லாப் பிடிக்கிறது எலும்புக்கரி. சைவ வீடுகளில அந்தத் தண்ணி ஆர் குடிக்கிறது? அதால குறைஞ்ச சூட்டில சுட்ட செங்கல்லை உடைச்சு நிரப்பிப் பாத்தன். பிடிக்கும், ஆனா கொஞ்சமாத்தான். ஆய்வுகூடத்தில காய்ச்சி வடிச்ச தண்ணியில புளோரைட்டை அள்ளிக் கரைச்சுச் சோதிச்சா, எவ்வளவு பிடிக்குது எண்டதுக்கு ஆருக்கும் பெரிய எண் வரும். வன்னித் தண்ணியில பைகாபனேற்று நிறைய. அதுவும் செங்கல்லில ஒட்டுற இடத்துக்குப் போட்டி போடும், எண் விழுந்துபோம். நான் கிணத்துத் தண்ணியிலேயே செய்து, விழுந்த எண்ணையே எழுதினன். சஞ்சிகைக்காகக் கட்டுரையை மதிப்பிட்ட ஒருவர் "கொள்ளளவு கவர்ச்சியாக இல்லை, ஏன் எலும்புக்கரி பாவிக்கவில்லை?" எண்டு கேட்டிருந்தார். ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவேணும்போல இருந்துது. அந்தக் கட்டுரைக்கு மேற்கோள் ரெண்டுகைவிரலுக்குள்ள. மற்றவை செய்ததைத் தொகுத்து, கதிரையை விட்டு எழும்பாமல் எழுதின மீளாய்வுக் கட்டுரைதான் என்ர பேரில ஆகக் கூட மேற்கோள் வாங்கினது.

இதில இன்னொண்டும் சொல்லவேணும், கேள்விக்குச் சம்பந்தமில்லை எண்டாலும். பரந்தனில இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. ஆனையிறவு உப்பைக் கரைச்சு மின் பாய்ச்சிக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தவை. 80களில போரோட நிண்டுபோச்சு. அங்க அந்த மின்பகுப்புத் தொட்டியளைப் பாத்த ஆக்கள் ஒரு கட்டுரையும் எழுதேல்ல, எழுதச் சொல்லிக் கேட்டவரும் இல்லை. அவையின்ர கைப்பழக்கத்துக்கு எந்த இன்டெக்ஸ் போடுறது? திறக்கிறம் திறக்கிறம் எண்டு கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப்போச்சு. எங்கட பெடியள் இண்டைக்கும் தொழிற்பயிற்சிக்குக் கொழும்புப் பக்கம்தான் ஓடவேணும். சரி, விடுவம்.

நீங்கள் பாக்கவேண்டியது: ரெண்டு பேரின்ர பக்கத்திலயும் கடைசி அஞ்சு வருசத்துக் கட்டுரையளைத் திறவுங்கோ. மாணவரின்ர பேர் முதலாவதா நிக்குதோ, இல்லாட்டிப் பதினைஞ்சு பேருக்கு நடுவில புதைஞ்சு கிடக்குதோ? மேற்கோளில எத்தினை அவரே தன்னைத் தான் காட்டினது? ஸ்கோப்பஸில அதைக் கழிச்சும் பாக்கலாம். முடிச்சவை இப்ப எங்க? 41காரரிட்ட இதெல்லாம் சரியா இருந்தா யோசியாமல் அங்கயே போங்கோ, நான் மறிக்கமாட்டன். 9காரரிட்டப் போறதெண்டா, கையெழுத்து வைக்கமுதல் அவரின்ர இப்பத்தைய மாணவர் ஒருவரைத் தேநீர்க்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கயிருக்கிற கருவியில எது ஓடுது, எது பழுதாய்க் கிடக்குது எண்டு கேளுங்கோ.