கடைசி நாளில் ஊரா, நண்பர்களா?

கேள்வி: பிராக் நகரில் படிப்பு முடிந்து அடுத்த மாதம் ஊர் திரும்புகிறேன். கடைசி நாளில் பார்க்காத இடங்களைப் பார்ப்பதா, தோழிகளோடு இருப்பதா?

பதில்: இரண்டையும் பிரிக்காதீர்கள், அம்மா. நானும் அதே நகரத்தில் மூன்று நண்பர்களிடம் விடைபெற்றவன். விடியும்போதே தோழிகளுடன் சார்லஸ் பாலத்துக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறினால் கூட்டத்தில் பேசவே முடியாது. 1357இல் கட்டத் தொடங்கிய பாலம் அது. அரை கிலோமீட்டர் நீளம், இருபுறமும் 30 சிலைகள். அவற்றில் மிகப் பழையது 1683இல் நிறுவிய, நெபோமுக் யோவான் என்ற புனிதரின் சிலை. அதன் பீடத்திலுள்ள வெண்கலத் தகட்டைத் தொட்டவர் மறுபடியும் பிராக் வருவார் என்பது நம்பிக்கை. ஆயிரமாயிரம் விரல்கள் பட்டு அந்த இடம் மட்டும் பொன்னாக மின்னுகிறது. நாங்கள் நால்வரும் ஒன்றாகக் கை வைத்தோம். யாருக்கும் பேச்சு வரவில்லை.

பழைய நகரச் சதுக்கத்தின் 1410ஆம் ஆண்டுக் கடிகாரம் மணி அடிப்பதை ஒருமுறை பாருங்கள். அருங்காட்சியகங்கள் வேண்டாம், அவை காத்திருக்கும். ஒன்று மட்டும் கேளுங்கள்: விமான நிலையத்துக்கு யாரையும் அழைக்காதீர்கள். பெட்டியும் வரிசையும் கண்ணீருக்குக்கூட இடம் தராது. நான் டிராம் நிறுத்தத்திலேயே விடைபெற்றேன். இரண்டு டிராம்களை வேண்டுமென்றே போகவிட்டு, மூன்றாவதில்தான் ஏறினேன்.