நீக்க முயன்றும் நீங்காத லேயர்களும் பிளாக்குகளும்

கேள்வி: வேறோர் அலுவலகம் தயாரித்த கட்டட வரைபடத்தை ஆட்டோகேட் மென்பொருளில் திருத்தி வருகிறேன். அதிலுள்ள லேயர்களில், அதாவது வரைபடப் பொருள்களை வகைபிரித்து வைக்கும் அடுக்குகளில், பாதிக்கு மேல் எங்களுக்குத் தேவையில்லை. லேயர் பட்டியலில் தேர்ந்தெடுத்து அழிக்கப் பார்த்தால், சிலவற்றை அழிக்க இயலாது என்ற அறிவிப்பே வருகிறது. ஆனால் அந்த லேயர்களில் ஒரு கோடுகூடத் திரையில் தென்படவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஒரு லேயர் அழிய மறுக்கிறதென்றால், கோப்பின் ஏதோ ஓரிடத்தில் அது இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்று பொருள். எனவே அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. அழிப்பது அதற்குப் பிறகுதான்.

0 என்ற லேயரையும், அளவுக்கோடுகள் போடும்போது மென்பொருள் தானே உருவாக்கிக்கொள்ளும் டெஃப்பாயின்ட்ஸ் லேயரையும், அந்த நேரத்தில் நடப்பு லேயராக இருப்பதையும் லேயர் பட்டியலிலிருந்து அழிக்க முடியாது. பெயரின் நடுவே செங்குத்துக் கோடு காணப்படும் லேயர்கள் எக்ஸ்ரெஃப்பாக, அதாவது வெளி மேற்கோளாக, இணைக்கப்பட்ட வேறொரு கோப்புக்கு உரியவை; அந்த இணைப்பை விலக்கினால் அவையும் போய்விடும்.

மற்றவற்றுக்கு, அணைத்து வைத்தவை, உறையவைத்தவை, பூட்டியவை என எல்லா லேயர்களையும் திறந்துவிட்டு, வரையும் இடமான மாடல் பகுதியிலும், அச்சுக்கான தாளாகிய ஒவ்வொரு லேஅவுட்டிலும், பொருள்களை வடிகட்டித் தேர்ந்தெடுக்கும் க்யூசெலக்ட் கட்டளையால் அந்த லேயருக்குரிய பொருள்களைத் தேடுங்கள். நீளமே இல்லாத கோடுகளும் வெற்று இடைவெளி மட்டுமே கொண்ட எழுத்துப் பொருள்களும் கண்ணுக்குத் தெரியாமலே ஒரு லேயரைப் பிடித்துவைத்திருக்கும். கோப்பில் பயன்படாதவற்றை நீக்கும் பர்ஜ் கட்டளையின் பெட்டியில் இவற்றை நீக்குவதற்கென்றே தனித் தேர்வுகள் உள்ளன. ஆனால் அவை பிளாக்குகளுக்குள்ளும் (ஒரே பெயரில் தொகுத்து, வேண்டிய இடங்களில் செருகும் பொருள்தொகுப்புகள்) பூட்டிய லேயர்களிலும் செயல்படுவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் லேயர் நீங்கவில்லையென்றால், காரணம் பெரும்பாலும் ஒரு பிளாக்கின் வரையறைக்குள் இருக்கும். கதவுக்கான பிளாக் ஒன்று ‘கதவு’ என்ற லேயரில் செருகப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முதலில் வரைந்தவர், கதவு திறக்கும் வளைவை மட்டும் ‘பழைய தளவாடம்’ என்ற லேயரில் போட்டிருக்கலாம். க்யூசெலக்ட் பிளாக்கின் உள்ளே பார்ப்பதில்லை என்பதால், தேடலில் ‘பழைய தளவாடம்’ காலியாகவே தெரியும். பிளாக் எடிட்டரில் அந்தக் கதவைத் திறந்து வளைவை 0 லேயருக்கு மாற்றிவிட்டால், நிறம் பைலேயர் (லேயரின் நிறத்தையே ஏற்பது) என்று இருக்கும் பட்சத்தில், கதவு எந்த லேயரில் செருகப்படுகிறதோ அதன் நிறத்தையே வளைவும் ஏற்கும். பழைய லேயரும் தடையின்றி நீங்கும். அந்தக் கதவு வரைபடத்தில் ஓரிடத்திலும் செருகப்படாமல் வரையறை மட்டும் கோப்பில் தங்கியிருந்தாலும் லேயர் நீங்காது. அப்போது பர்ஜ் மூலம் முதலில் பிளாக்கையும் அடுத்து லேயரையும் நீக்க வேண்டும். ஆட்டோகேட் 2020 பதிப்பு முதல், நீக்க இயலாதவற்றைத் தனியாகக் காட்டி, அதற்குரிய காரணத்தையும் அந்தப் பெட்டியே சொல்லிவிடுகிறது. தேடும் உழைப்பை இது வெகுவாகக் குறைக்கும்.

கேள்வி: லேடெல் கட்டளை எந்த லேயரையும் உடனே அழித்துவிடும் என்கிறார்களே, அதையே பயன்படுத்தினால் என்ன?

பதில்: உள்ளே இருப்பது இன்னதென்று பார்க்காமல் அதைப் பயன்படுத்தாதீர்கள். லேடெல் அந்த லேயரிலுள்ள எல்லாப் பொருள்களையும், பிளாக் வரையறைகளுக்குள் இருப்பவை உட்பட, சேர்த்தே அழிக்கும். மேற்சொன்ன கதவை எடுத்துக்கொண்டால், வரைபடத்திலுள்ள அத்தனை கதவுகளும் ஒரே நொடியில் தம் வளைவை இழந்துவிடும். அது அச்செடுத்த பிறகே கண்ணில் படவும் கூடும். பொருள்கள் வேண்டும், லேயர் பெயர் மட்டும் வேண்டாம் என்றால், ஒரு லேயரிலுள்ளவற்றை இன்னொன்றுக்கு மாற்றிவிட்டுப் பழைய பெயரை நீக்கும் லேமெர்ஜ் கட்டளையே ஏற்றது.

கேள்வி: பலமுறை பர்ஜ் செய்தும் ஒரு பிளாக் மட்டும் நீங்க மறுக்கிறது. கோப்பின் அளவும் குறையவில்லை. காரணம் என்ன?

பதில்: ஒரு பிளாக்குக்குள் இன்னொரு பிளாக் இருந்தால், வெளியே உள்ளது நீங்கும்வரை உள்ளே உள்ளது நீங்காது, உள்ளடங்கியவற்றையும் சேர்த்து நீக்கும் தேர்வைக் குறியிட்டால் இரண்டும் ஒருங்கே போய்விடும். அதற்கும் அசையாத பிளாக், ஏதேனும் ஓர் அளவுக்கோட்டுப் பாணியில் அம்பு முனையாக நியமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பலர் தேடாமல் விடும் இடம் இது. அந்தப் பாணியில் அம்பு முனையை மாற்றினாலோ, பயன்படாத பாணியையே நீக்கினாலோ பிளாக்கும் விடுபடும்.

கோப்பின் அளவைப் பொறுத்தவரை, பிற மென்பொருள்களும் துணைச் செயலிகளும் பதிந்துவைக்கும் ரெக்ஆப் எனும் பெயர்ப் பதிவுகள் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு கோப்பிலிருந்து நகலெடுத்து இன்னொன்றில் ஒட்டும்போது அவையும் கூடவே வந்து சேர்கின்றன. பர்ஜ் என்ற சொல்லுக்கு முன் ஒரு இடைக்கோடு சேர்த்துத் தட்டச்சு செய்து, வரும் தேர்வுகளில் ரெக்ஆப்பைத் தேர்ந்தால் பயன்படாத பதிவுகள் நீங்கும். கோப்பில் பிழைகள் இருந்தால் திருத்துவதற்கு ஆடிட் கட்டளையையும் அதனுடன் ஓட்டிவிடுங்கள்.

இவை அனைத்தையும் வரைபடக் கோப்பின் நகலில் செய்யுங்கள். அலுவலகத்தின் டெம்ப்ளேட் கோப்பில் மட்டும் பர்ஜ் வேண்டாம். அங்கே காலியாக இருக்கும் லேயர்கள், அடுத்த வரைபடத்துக்காகவே வைக்கப்பட்டவை.