எலும்பு மனிதனுக்குப் பின்னால் காண்டாமிருகம் ஏன்?

கொழும்பில் மருத்துவம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: பழைய உடற்கூற்றுப் படமொன்றில் எலும்பு மனிதனுக்குப் பின்னால் காண்டாமிருகம் மேய்கிறதே, அது அறிவியலா, கற்பனையா?

இரண்டும்தான் தம்பி. அது ஒல்லாந்தின் லைடன் நகர உடற்கூற்றுப் பேராசிரியர் அல்பீனஸின் 1747ஆம் ஆண்டு நூலில் உள்ள படம். அப்போது நம்முடைய கொழும்பே ஒல்லாந்தர் கையில். ஓவியர் வாண்டலார் எலும்புக்கூட்டின் முன் கயிற்றால் கட்டிய சதுர வலைகளை நிறுத்தி, கட்டம் கட்டமாகப் பார்த்து வரைந்தார். அவ்வளவு கவனம்! ஆனாலும் அது அப்படியே ஒரு தனி மனிதனின் உடல் அல்ல. குறைகளைத் திருத்தி அமைத்த இலட்சிய உடல். கற்பனை அங்கேதான் அதிகம் என்பேன்.

காண்டாமிருகமோ நிஜம். வங்காளத்திலிருந்து 1741இல் கப்பலில் ஒல்லாந்து போய்ச் சேர்ந்த, கிளாரா என்ற காண்டாமிருகம் அது. படத்துக்கு ஆழமும் அழகும் சேர்க்கவே பின்னணியில் வரைந்தார்கள்.