கேன்சர் புஷ்: செடி வளரட்டும், கஷாயம் பொறுக்கட்டும்

கேள்வி: டர்பனில் மூன்று வருடமாக இருக்கிறோம். பக்கத்து வீட்டு அம்மா ‘கேன்சர் புஷ்’ என்ற செடியின் விதைகளைக் கொடுத்தார். மூன்று முறை போட்டுப் பார்த்தேன். முதல் முறை முளைக்கவே இல்லை. அடுத்த இரண்டு முறையும் முளைத்து, விரல் உயரம் வந்ததும் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துவிட்டது. இதற்குள் தெரிந்தவர் ஒருவர் காய்ந்த இலைப் பொட்டலம் கொண்டுவந்து, சர்க்கரை, இருமல், புற்றுநோய் எல்லாவற்றுக்கும் இது கேட்கும் என்கிறார். மாமியாருக்குச் சர்க்கரை உண்டு, மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறார். கணவருக்கு ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு டிபி வந்ததால் முன்னெச்சரிக்கையாக ஏதோ மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் கஷாயம் வைத்துக் குடிக்கலாமா? செடியை எப்படிப் பிழைக்க வைப்பது?

பதில்: ‘கணவருக்கு ஒன்றும் இல்லை’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அந்த ‘ஏதோ மாத்திரை’ என்னவென்று இன்றைக்கே அட்டையை எடுத்துப் பாருங்கள். ஐசோனியாசிட் (டிபி வராமல் தடுக்கக் கொடுக்கும் மருந்து) என்று இருந்தால், அவர் இந்தக் கஷாயத்தை வாயில் வைக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு முறை, பன்னிரண்டு வாரம் சாப்பிடும் கூட்டு மாத்திரையாக இருந்தாலும் அதற்குள் ஐசோனியாசிட் இருக்கிறது. பெயர் வேறாக இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலேயே இந்தச் செடியை வைத்து முறையாக ஒரு சோதனை நடத்தி, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். எச்ஐவி இருந்தும் இன்னும் நல்ல நிலையில் இருந்த நூற்றுச் சொச்சம் பேர். ஒரு பாதிக்கு இலைத்தூள் மாத்திரை 1,200 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 24 வாரம். மறு பாதிக்குப் பார்க்க அதே போல இருக்கும் வெற்று மாத்திரை. யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. வைரஸ் அளவில் எந்த வித்தியாசமும் வரவில்லை. ஆனால் சின்னச் சின்னத் தொற்றுகளால் படுத்த நாட்களைக் கணக்கிட்டபோது வெற்று மாத்திரைக்காரர்களுக்குச் சராசரி 5 நாள், மூலிகை சாப்பிட்டவர்களுக்கு 9 நாள். அதைவிட உறுத்துவது இன்னொன்று. டிபி வராமலிருக்க ஐசோனியாசிட் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு டிபி வந்தது. இரண்டு பேருமே மூலிகைப் பக்கத்தில் இருந்தவர்கள்.

இரண்டு பேரை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் மூலிகை அந்த மாத்திரையின் காலை வாரிவிட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தை ஆராய்ச்சி செய்தவர்களே எழுப்பினார்கள். உங்கள் கணவர் அந்த மாத்திரையைச் சாப்பிடுவதே டிபி வராமல் இருப்பதற்காக. அதோடு சேர்த்து ‘உடம்புக்கு எதிர்ப்பு சக்தி’ என்று காலையில் ஒரு டம்ளர் கஷாயம் குடித்து, மாத்திரையின் வேலையைக் கெடுத்துக்கொள்வானேன்? மாத்திரைக் காலம் முடியட்டும். எச்ஐவி மருந்து எடுப்பவர்களுக்கும் இதே பேச்சுதான்: டாக்டரிடம் சொல்லாமல் தொடக் கூடாது.

இதை கிளினிக்கில் யாராவது உங்களிடம் கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். பெயர், வயது, எடை எல்லாம் எழுதுவார்கள். ‘வீட்டில் ஏதாவது இலை, வேர் காய்ச்சிக் குடிக்கிறீர்களா’ என்று கேட்க அரை நிமிடம் ஆகும், அந்த அரை நிமிடம்தான் யாருக்கும் கிடைப்பதில்லை. இந்த நாட்டில் எத்தனை வீடுகளில் முத்தி என்கிற நாட்டு மூலிகை மருந்து காய்கிறது என்பது அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வீட்டு அடுப்பிலும் காயும். கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லுங்கள், பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

சரி, செடிக்கு வருவோம்.

தாவரவியலில் இதைச் சதர்லாண்டியா என்பார்கள். இப்போது லெஸ்ஸெர்ஷியா என்று மாற்றிவிட்டார்கள். ஆஃப்ரிகான்ஸில் கான்கர்போஸ், ஜூலுவில் உன்வெலே. பயறு வகைக் குடும்பம். இடுப்பளவு வளரும் குற்றுச்செடி, சாம்பல் பூத்த சின்னச் சின்ன இலைகள், செம்மஞ்சள் பூ. காயைப் பார்த்தால் நம் முடக்கத்தான் காய் ஞாபகம் வரும், அதே மாதிரி காற்றடைத்த பை. காய்ந்ததும் எடையே இருக்காது, காற்றில் உருண்டோடி விதையைக் கொட்டும். மேற்குக் கேப், கரூ, நமீபியா பக்கம் இதற்குச் சொந்த மண். அங்கெல்லாம் மணலும் வெயிலும் காற்றும்தான். தண்ணீர் எப்போதாவது வரும் விருந்தாளி.

உங்கள் சிக்கல் இதில்தான். அந்த மண்ணில் பழகிய செடியை டர்பன் கோடையின் புழுக்கத்தில் கொண்டுவந்து, தினமும் பூவாளியால் குளிப்பாட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அடித்தண்டு கறுத்துச் சாய்வதற்கு நாற்றழுகல் என்று பெயர். ஈர மண்ணில் இருக்கும் பூஞ்சையின் வேலை. விதையைக் குறை சொல்ல வேண்டாம், கைராசியையும் குறை சொல்ல வேண்டாம்.

முதல் முறை முளைக்காததற்குக் காரணம் தோல். இந்த விதை கறுப்பாக, தட்டையாக, சுமார் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனால் ஓடு கெட்டி. கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி அப்படியே இரவு முழுக்க விடுங்கள். காலையில் சில விதைகள் ஊதிப் பருத்திருக்கும், சில அப்படியே கல்லாகக் கிடக்கும். பருத்ததை மட்டும் விதையுங்கள். கல்லாகக் கிடப்பதை இரண்டு உப்புத்தாளுக்கு நடுவில் வைத்து லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி ஊறப் போடுங்கள்.

ஏப்ரல் வாக்கில் போடுங்கள். டர்பனில் மழை குறைந்து, வெயில் இதமாக, காற்றில் ஈரம் கம்மியாக இருக்கும் மாதங்கள் அதற்கப்புறம்தான் வருகின்றன. தொட்டிக் கலவையில் பாதிக்கு மேல் பரும்படி மணல் இருக்கட்டும். சாணமும் வேண்டாம், உரமும் வேண்டாம். பயறுக் குடும்பத்துச் செடி தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். விதையை அதன் பருமன் அளவுக்கு மணலால் மூடினால் போதும். முளைத்த பிறகு தொட்டியின் அடியில் தட்டு வைத்து, தட்டில் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மேலிருந்து ஊற்றாதீர்கள். விரலை முதல் கணு வரை மண்ணில் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அடுத்த தண்ணீர். நாள் முழுக்க வெயில் விழும் இடம் வேண்டும். இடம் மாற்றி நடுவதானால் நாற்று சிறிசாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். வளர்ந்த பிறகு வேரைத் தொட்டால் கோபித்துக்கொண்டு போய்விடும்.

நானும் பழகும் காலத்தில் ஒரு தட்டு நிறைய நாற்றை இதே மாதிரி சாகடித்திருக்கிறேன். மூடி போட்டு வைத்தால் சீக்கிரம் வளரும் என்று எவரோ சொன்னதைக் கேட்டு, கண்ணாடியால் மூடி வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் திறந்தால் எல்லாம் வெந்த கீரை மாதிரி படுத்துக் கிடந்தன.

பூ வந்தால் தேன்சிட்டு வரும். அதற்காகவே ஒரு செடி வைக்கலாம். ஆயுசு கம்மி, சில வருடம்தான். ஆகவே பை காய்ந்து காகிதமாகும்போது பறித்து விதையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த விதை விதைப்பதற்கு மட்டும்தான். ‘பயறுதானே, முளைகட்டிச் சாப்பிடலாமே’ என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கூடவே கூடாது. இந்தச் செடியில் கனவனைன் என்று ஒரு பொருள் இருக்கிறது. பயறுக் குடும்பத்தில் இதைத் தயாரிக்கும் செடிகள் விதையில்தான் அதை மூட்டை கட்டி வைக்கின்றன. உடம்பு தன் புரதத்தைக் கட்டும்போது ஒரு நல்ல செங்கல்லுக்குப் பதிலாக இந்தப் போலிச் செங்கல்லை வைத்துவிடும். கனவனைன் இருக்கும் குதிரைமசால் முளையைத் தின்ற குரங்குகளுக்கு லூபஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய்) போன்ற நோய் வந்ததைப் பார்த்திருக்கிறார்கள். லூபஸ் உள்ளவர்கள் இந்தச் செடியின் இலையைக்கூடத் தவிர்ப்பது நல்லது.

இப்போது பொட்டலம். எனக்கு ஆத்திரம் வரும் இடம் இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வார்விக் சந்தையில் தரையில் சாக்கு விரித்து மூலிகை விற்கும் அம்மாக்களை நான் சொல்லவில்லை. அவர்களுக்கு இலை தெரியும், வேர் தெரியும், எங்கே பறித்தது என்று கேட்டால் சொல்வார்கள். நான் சொல்வது நடுவில் இருப்பவர்களை. மொத்தமாக வாங்கி, எதையாவது கலந்து அரைத்து, பளபளப்பான உறையில் போட்டு, ‘புற்றுநோய்ச் செடி’ என்ற பெயரையே விளம்பரமாக்கி, தெரிந்தவர் மூலமாக உங்கள் வீட்டு வாசலுக்கே அனுப்புகிறார்களே, அவர்களை. பெயரில் கேன்சர் இருப்பதால் கேன்சரைக் குணப்படுத்தும் என்று அர்த்தமில்லை. இது மனிதர்களுக்குப் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நிரூபணம் எதுவும் கிடையாது. ஆய்வுக்கூடத் தட்டில் செல்கள் செத்ததை எடுத்துக் காட்டுவார்கள். தட்டில் வினிகர் ஊற்றினாலும் செல் சாகும்.

ஒரு பெண்மணி இப்படி ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். வெள்ளைத் தாளில் கொட்டிப் பரப்பினேன். மூன்றில் இரண்டு பங்கு குச்சி. இலைத் துணுக்குகள் அகலமாக, வழவழவென்று மினுங்கின. உண்மையான இலைத்துண்டு அரிசி நீளத்தைத் தாண்டினால் அதிகம், சாம்பல் நிறம், லென்ஸில் பார்த்தால் மென்மையான ரோமம் தெரியும். நாக்கு நுனியில் வைத்தால் நிலவேம்பு மாதிரிக் கசப்பு ஏறும். அந்தப் பொட்டலத்தில் கசப்பே இல்லை. என்ன இலை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தூளாக அரைத்திருந்தால் இந்தச் சோதனையும் செய்ய முடியாது, அதனால்தான் அரைக்கிறார்கள். இன்னொரு தந்திரம், பழைய பெயரில் ஒரு டப்பா, புதிய பெயரில் ஒரு டப்பா, இரண்டையும் ‘சேர்த்துச் சாப்பிட்டால் இரட்டைப் பலன்’ என்று விற்பது. இரண்டும் ஒரே செடி.

உறையின் பின்புறம் எறும்பு எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும். இந்த மருந்தின் தரம், பாதுகாப்பு, பயன் ஆகியவற்றை சாஃப்ரா மதிப்பிடவில்லை என்று. சாஃப்ரா என்பது தென்னாப்பிரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. 2018இல் பழைய மருந்துக் கட்டுப்பாட்டு கவுன்சிலுக்குப் பதிலாக வந்தது. இத்தகைய மருந்துகளையும் கட்டுக்குள் கொண்டுவருகிறோம் என்று 2013லேயே விதி போட்டார்கள். இத்தனை வருடம் கழித்தும் சாமானியர் கையில் கிடைத்திருப்பது அந்த ஒரு வரிதான். விற்பவரோ அதையே காட்டி, ‘பாருங்கள், சாஃப்ரா பெயர் போட்டிருக்கிறது’ என்கிறார். எச்சரிக்கை வாசகம் முத்திரையாகிவிட்டது. நாலு செடி வளர்த்து விற்க நினைக்கும் சின்ன நாற்றங்கால்காரருக்கு அனுமதிப் படிவத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எந்தப் படிவமும் நிரப்பாமல் குப்பையை அரைத்து விற்பவர் காரில் வருகிறார்.

மாமியார் விஷயம் இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. எலிகளில் செய்த சோதனைகளில் சர்க்கரை விஷயத்தில் கொஞ்சம் நல்ல பலன் தெரிந்தது. மனிதர்களிடம் அதை நம்பி மருந்தை மாற்றும் அளவுக்கு ஒன்றும் இல்லை. ஆரோக்கியமான 25 பேரை வைத்து 2007இல் வெளியான ஒரு சோதனையில், தினம் 800 மில்லிகிராம் இலைத்தூளை மூன்று மாதம் கொடுத்தபோது பெரிய தொந்தரவு எதுவும் வரவில்லை. அது அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. கை நிறைய அள்ளிப் போட்டுக் காய்ச்சுவதற்கு அந்தச் சோதனை உத்தரவாதம் தராது. உங்கள் தொட்டியில் வளர்ந்த இலையை நிழலில் உலர்த்தி, அந்த அளவுக்குள், டாக்டரிடம் சொல்லிவிட்டு, வீட்டில் சர்க்கரையைச் சோதித்துக்கொண்டே குடித்துப் பார்க்கலாம். வயிற்றுப்போக்கோ தலைசுற்றலோ வந்தால் நிறுத்திவிடுங்கள். மெட்ஃபார்மினை மட்டும் நிறுத்தக் கூடாது. ‘ஒரு வாரம் மாத்திரையை விட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்’ என்று பொட்டலக்காரர் கட்டாயம் சொல்வார். தெரியும், ரத்தப் பரிசோதனையில் தெரியும்.

உங்களைப் பொறுத்தவரை, கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ வேண்டாம். மற்றபடி எதற்காகக் குடிக்க வேண்டும் என்று ஒரு காரணம் இருந்தால் மட்டும் குடியுங்கள்.

நாற்று செத்த பழைய மண்ணை மறுபடி எடுக்காதீர்கள், பூஞ்சை அதிலேயே உட்கார்ந்திருக்கும். தொட்டியைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் இன்னும் பத்து விதை கேட்டு வாங்குங்கள். கேட்கும்போதே அவர் செடி எந்தப் பக்கத்துச் சுவர் ஓரம் நிற்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். டர்பனில் அதைப் பிழைக்க வைத்திருக்கிறார் என்றால், அவர் எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறார் என்று என்னைவிட அவரைக் கேட்பதுதான் சரி.